நீ முதலில் இசக்கியம்மாளிடம் சொன்னாய்

மகளே,

நேற்று ஆராதனையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயரையும் டேனியலின் பெயரையும் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்டபோது, பக்கத்தில் இருந்த உன் அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் இசக்கியம்மாளுக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு, நாளைக்கு ஓலை வாசிக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சொன்ன பதில்தான் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"டேனியல் தம்பிதான டீச்சர்? பாப்பா போன பங்குனியிலயே சொல்லிட்டால்லா. போட்டோவும் அனுப்பிச்சா. நல்ல சிரிச்ச மொகம்."

பங்குனி. என்னிடம் நீ சொன்னது ஆவணி பிறந்த பிறகு. நடுவில் இருந்த மாதங்களில் நான் பாளையங்கோட்டையில் தெரிந்த ஆட்களிடமெல்லாம் உனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லித் திரிந்தேன். இசக்கியிடமே, "நம்ம பிள்ளைக்கு ஒரு இடமும் அமையலியே" என்று அங்கலாய்த்திருக்கிறேன். "வரும் டீச்சர், வராம எங்க போகும்" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் போல. போனைப் பட்டென்று வைத்தேன். கோபத்தால் இல்லை. பொறாமை மகளே. அறுபது வயதில், பேரன் பேத்தி பார்க்க வேண்டிய நேரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக் கழுவிய பெண்ணின் மேல் எனக்கு வயிறு எரிகிறது. இது நேற்று வந்ததில்லை, பதினான்கு வருஷமாக எரிகிறது. இந்தப் பொறாமையால் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. நீ இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். உன்னை வீட்டில் தனியாக விட முடியாமல் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே உன்னைச் சேர்த்தேன். காலையில் இருவரும் பஸ் பிடித்து, பத்தமடை தாண்டி, சேரன்மாதேவியில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ்ஸில் போவோம். ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும். பிள்ளைகளின் அம்மாமார் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போவார்கள், மீதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுவார்கள். நான் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. வருஷா வருஷம் அந்தப் பாடம் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பரீட்சைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும்.

அரசு இலவசமாக அனுப்பும் நாப்கின் கட்டுகளுக்கும் நான்தான் பொறுப்பு. அவற்றை ஆசிரியர் அறையில், என் மேஜைக்குப் பின்னால் இருந்த பீரோவில் அடுக்கிப் பூட்டி வைத்தேன். வேண்டிய பிள்ளை என்னிடம் வந்து கேட்டு, நோட்டில் பெயரும் வகுப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அறையில் என்னைத் தவிர மற்ற எல்லாரும் ஆண் ஆசிரியர்கள். நோட்டு காலியாகவே கிடந்தது. ஒரு வருஷம் முடிந்ததும், மாணவிகளுக்குத் தேவை எழவில்லை என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்கு வெட்கம் வரவில்லை. ஒழுங்காகப் பொறுப்பு பார்க்கிறோம் என்ற நினைப்புதான் இருந்தது.

பிள்ளைகள் போனதெல்லாம் இசக்கியம்மாளிடம். அவள் எங்கள் துப்புரவுப் பணியாளர். காலையில் வந்து பெருக்கிவிட்டு, மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பெண்பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் வேப்பமரத்தடியில் இருப்பாள். வெளுத்த பருத்திச் சேலைகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து ஒரு சாக்குப் பைக்குள் வைத்திருப்பாள். கழிப்பறையில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். வயிற்றுவலி என்று வந்த பிள்ளையை மடியில் சாய்த்துக்கொள்வாள். இடைவேளையில் ஏழெட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பார்கள், ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஆசிரியர் அறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். நான் அந்தப் பக்கம் போனால் சிரிப்பு நின்றுவிடும். "வணக்கம் டீச்சர்" என்று கலைந்துவிடுவார்கள். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த எனக்குக் கிடைக்காத ஒன்று, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைக்கும்போதெல்லாம் காந்தும். ஒரு நாள் அவள் வந்து, "டீச்சர், பீரோவுல சும்மாதான கெடக்கு. ஒரு கட்டு எங்கிட்ட குடுத்து வைங்க, பிள்ளைகளுக்கு ஒதவும்" என்றாள். "அப்படியெல்லாம் கொடுக்க முடியாது, விதி இருக்கு" என்று அனுப்பிவிட்டேன்.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பிற்பகலில் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. வெளியே போனதும் காதருகே வந்து, "டீச்சர், நம்ம பாப்பா பெரியவளாயிட்டா. பயப்படல. எல்லாம் சொல்லிக் குடுத்து, துணி வச்சு, இங்கன மரத்தடியில இருத்தியிருக்கேன்" என்றாள்.

அந்த 'நம்ம' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மரத்தடிக்கு வந்தேன். உன்னைச் சுற்றி உன் வகுப்புப் பிள்ளைகள். எல்லாருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிகிறது. நீ என்னைப் பார்த்ததும் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு அது நினைவிருக்காது. எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"ஏட்டி, நான் பத்தடி தூரத்துல இருக்கேன். எங்கிட்ட ஏன் வரல?"

"நீங்க ஸ்டாஃப் ரூம்ல இருந்தீங்க. சார்மாரு எல்லாம் இருந்தாங்க."

"அதுக்கு?"

நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய். "நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கே அந்தப் பீரோவைத் திறந்துவிட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நான் செய்தது வேறு. இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், "இசக்கியம்மா நாள் முழுக்க இங்கேயே இருக்கா சார். பெண்பிள்ளைகள் பாட வேளையிலும் அவளிடம் போய் உட்கார்ந்து கதை பேசுறாங்க, படிப்பு கெடுது" என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். என் பேச்சை நம்பினார். மறுநாளிலிருந்து இசக்கி காலை மணிக்கு முன்னும் மாலை மணிக்குப் பின்னும் மட்டும் வந்தால் போதும் என்று உத்தரவாயிற்று. ஆள் இல்லாமல் கழிப்பறை திறந்து கிடக்கக் கூடாது என்பதால் அதைப் பூட்டி, சாவி என் மேஜைக்கு வந்தது. நான்தான் சொன்னேன் என்பது அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. உனக்குக்கூட. "இசக்கியக்கா ஏன்மா மத்தியானம் வாறதில்ல?" என்று நீ கேட்டபோது, "மேலிடத்து உத்தரவு" என்றேன்.

பேச்சியம்மாளை உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒரு வகுப்பு மேலே, ஒன்பதாவது. கணக்கில் அவளை அடிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கு அந்த அறையில் மேற்பார்வை நான். பாதி நேரம் போனதும் அவள் எழுந்து, "டீச்சர், வெளிய போகணும்" என்றாள்.

"இன்னும் ஒரு மணி நேரந்தான். உட்காரு."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தாள். இந்த முறை வாய் திறக்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது மகளே. புரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் பார்வை இன்னொரு பெண்ணுக்குப் புரியாமல் போகாது. ஆனால் அந்தக் கணத்தில் என் மனதில் வந்தது, "எல்லாரும் அவகிட்டதான போவீங்க? இப்ப எங்கிட்ட வந்து நிக்கியா?" என்பதுதான். "உட்காருன்னு சொன்னேன்" என்றேன். உட்கார்ந்தாள். மணி அடித்து எல்லாரும் எழுந்தபோது அவள் எழவில்லை. விடைத்தாளைக் கொடுக்க எழுந்துதானே ஆக வேண்டும். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். அவள் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, புத்தகப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாய்க்கால் கரை வழியே நடந்து போனாள். அப்புறம் வரவில்லை.

மிச்சப் பரீட்சைகளுக்கும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சொளகு, அதில் பீடி இலையும் தூளும். கணக்குப் போட்ட விரல்கள் அதற்குள் வேகமாகப் பீடி சுற்றப் பழகியிருந்தன. தலையை நிமிர்த்தவில்லை. அவள் அம்மாதான் பேசினாள். "அவ வரமாட்டா டீச்சர். வந்த இடத்துல அசிங்கப்பட்டுப் போச்சு பிள்ள. அவ அப்பாவும் போதும்னுட்டாவ. தையில அவ மாமன் வீட்டுல இருந்து பேச வாறாவ." பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. இந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ளிருந்து கூட்டி வரக்கூடிய ஆள் ஒருத்திதான் என்பதும், அவளிடம் போய் நான் கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நான்கு நாள் கடத்தினேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைவிட என் வீம்பு நான்கு நாள் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள், முதல் பஸ் பிடித்து இசக்கி வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நான் உட்காரச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"நான் போயி கூட்டிட்டு வாறேன் டீச்சர். வந்தா அவ எங்கன போவா? பூட்டுன கக்கூசுக்கா?"

"சாவி என் மேஜையிலதான் இருக்கு" என்றேன்.

"சாவி எங்கிட்ட இருக்கட்டும். அந்தப் பீரோவுல உள்ளதெல்லாம் கக்கூசுக்குள்ள ஒரு பெட்டியில இருக்கட்டும். வேணும்ங்கவ எடுத்துக்கிடுவா. நோட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். உள்ள தாப்பாள் போடணும், அது ஒடைஞ்சு எத்தன நாளாச்சு. இதெல்லாம் செஞ்சிட்டுச் சொல்லுங்க, நான் போறேன்."

தலைமையாசிரியரிடம் போனேன். "நீங்கதானே டீச்சர் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னீங்க?" என்றார். "நான்தான் சார். தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே உத்தரவை மாற்றினார், தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டார், தண்ணீர்க் குழாயைக் கழிப்பறைக்குள் இழுத்துவிட்டார். "டீச்சர்தான் எனக்காகப் போய்ப் பேசி என்னைத் திரும்ப வரவச்சாவ" என்று இசக்கி ஊரெல்லாம் சொன்னாள். உன்னிடமும் சொன்னாள். அன்றிரவு நீ என்னைக் கட்டிப்பிடித்து, "எங்கம்மா நல்ல அம்மா" என்றாய். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பேச்சி வந்தாள். இசக்கி அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வகுப்பு வாசலில் விட்டாள். அவள் அப்பாவிடமும் மாமனிடமும் என்ன பேசினாள், பேச்சியிடம் என்ன சொன்னாள் என்று இசக்கியிடம் கேட்டேன். "அது எங்களுக்குள்ள டீச்சர்" என்று சிரித்துவிட்டாள். பிள்ளை வந்த சந்தோஷத்துக்கு நடுவிலும் அந்த 'எங்களுக்குள்ள' என்னைக் குத்தியது. அந்த வாரமே எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தை முதல் தடவையாக நடத்தினேன், பையன்களையும் உட்காரவைத்து. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மாதவிடாய் நோயுமில்லை, அழுக்குமில்லை என்று நான் சொன்னபோது பெண்பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற இசக்கியைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள்.

பெட்டி காலியாகக் காலியாக நிரப்பினோம். துணிக்குப் பழகிய பிள்ளைக்குத் துணி, நாப்கின் வேண்டிய பிள்ளைக்கு நாப்கின். உபயோகித்ததை எரிக்கப் பின்பக்கம் செங்கல் வைத்து ஒரு தொட்டி கட்டினோம். மாதத்தில் மூன்று நாள் காணாமல் போகும் பிள்ளைகள் பையப் பைய வகுப்பில் தங்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஓர் ஆசிரியர் தின விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது நான் அரசுக்கும் தலைமையாசிரியருக்கும் கர்த்தருக்கும் நன்றி சொன்னேன். இசக்கியின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. அந்தச் சால்வையை நீதான் மடித்து வைத்தாய்.

பேச்சி இப்போது ஒரு வங்கியில் காசாளர். போன மாதம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்து ஓடி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "டீச்சர், இசக்கியக்கா எப்படி இருக்காவ?"

சிரித்துக்கொள். நான் சிரிக்கவில்லை. ஆனால் நேற்று ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது, இது இன்னும் எத்தனை காலத்துக்கு என்று எனக்கே அலுத்துப்போயிற்று. இன்று காலை பஸ் ஏறி இசக்கி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது முட்டி வலி, வேலையை விட்டுவிட்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காபி போட எழுந்தவளை உட்காரச் சொல்லி, "அன்னைக்கு உன்னப் பத்தி ஹெச்.எம்.கிட்ட சொன்னது நான்தான் இசக்கி" என்றேன். பேச்சியை எழவிடாமல் உட்காரவைத்ததையும் சொன்னேன். "தெரியும் டீச்சர், விடுங்க" என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கீரைக் காம்பு கையிலேயே நின்றது.

"நான் சொடலை அண்ணாச்சிதான் சொன்னார்னு நெனச்சேன் டீச்சர்."

சுடலை அண்ணாச்சி எங்கள் பள்ளிக்கூடத்துக் காவல்காரர். உனக்கு நாவல்பழம் பறித்துத் தருவாரே, அவர்தான். போன வருஷம் இறந்துபோனார்.

"அந்த மனுசன் எத்தனையோ தடவ எங்கிட்ட பேச வந்தாரு. மொகம் குடுக்கல நான். செத்ததுக்கும் போகல. ஒரே தெரு. என் வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போனாவ. நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க டீச்சர்" என்றாள். வாசல்வரை வந்து, கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "பாப்பா கல்யாணத்துக்கு வராம இருப்பனா? அது வேற, நீங்க வேற."

மகளே, இதைத் தபாலில் போடுவதற்குள் அவளே உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். இதையும் நீ முதலில் அவளிடமிருந்து கேட்டிருப்பாய் என்று நினைத்து, திரும்பி வரும் பஸ்ஸில்கூடப் பொறாமைப்பட்டேன். என் கதி அப்படி. அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பு. எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே, அவள் கோபம் அவளுக்கு உரியது. நாளைக்கு உனக்கு ஒரு பெண் பிறந்து, அவள் பயந்து நிற்கும் ஒரு நேரத்தில் உன்னை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பெண்ணிடமோ டீச்சரிடமோ ஓடினால், உனக்கு வலிக்கும். நம் இரத்தம், வலிக்காமல் இருக்காது. அந்த வலியோடு போய் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல். பிள்ளைக்கு ஓட ஓர் இடம் இருந்ததே என்று நினை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று முன்வரிசையில் பெண்ணின் தாய்க்கு ஓர் இடம் விடுவார்கள். அதற்குப் பக்கத்து இடத்தை இசக்கிக்கு வை. அவள் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றால் அவளைக் கட்டாயப்படுத்தாதே, எழுப்பவும் செய்யாதே. நான் இரண்டாம் வரிசைக்குப் போய்க்கொள்கிறேன். அங்கிருந்தும் உன் முகம் தெரியும்.

உன் அம்மா